கொல்லைப் புங்கமரத்தை ஓராண்டு பதிவு செய்ய: எதை, எப்போது குறிப்பது?

தூறல்:
திருச்சி. சுமார் 12 வயதுப் புங்கன், பாத்திரம் கழுவும் நீர் போகும் வாய்க்காலை ஒட்டி நிற்கிறது. வரும் மாசி தொடங்கி அடுத்த மாசி வரை இலை, பூ, காய் எல்லாம் குறித்து வைக்கப் போகிறேன். வாரம் ஒருமுறை போதுமா? முழு மரத்தையும் பார்ப்பதா, சில கிளைகளை மட்டுமா? இன்னொன்று: போன வைகாசியில் பூங்கொத்துகளில் பட்டாணி போலப் பச்சை உருண்டைகள் நிறைய. காயாகும் என்று பார்த்தால் பழுப்பேறி அப்படியே நின்றுவிட்டன. அவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்கலாமா?

நிழல்தாங்கி:
சேர்க்கவே கூடாது. அவை காய் இல்லை, வீங்கிய மொட்டுகள். நெல்லில் ஆனைக்கொம்பன் எனும் குழல் போன்ற குருத்தை உண்டாக்குகிற ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த சிற்றீ ஒன்று புங்கமொட்டில் முட்டையிடும். மொட்டு விரியாமல் உருண்டு தடித்துவிடும். ஒன்றைப் பிளேடால் வகிர்ந்து பாருங்கள். உள்ளே கூடாக இருக்கும், சிறு புழு கிடக்கும். பழையதென்றால் பக்கத்தில் துளை தெரியும். உண்மையான பிஞ்சு முதலிலிருந்தே தட்டை, நுனியில் சின்ன மூக்கு உண்டு. முற்றிய காய் 4 முதல் 6 செ.மீ. நீளம், பெரும்பாலும் ஒற்றை விதை, தானாக வெடிக்காது.

இலையில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை வேறு. அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகையின் வேலை. மரம் சாகாது, மருந்தடிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று குறித்தால் போதும்.

கல்லணைக்காரன்:
வாரம் ஒருமுறை என்பது ஆண்டின் பெரும்பகுதிக்குச் சரி. மாசி, பங்குனியில் போதாது. புங்கன் பழைய இலையைக் கொட்டும்போதே துளிர்த்துவிடும். செம்பு நிறத் தளிர் சில நாளில் இளம்பச்சையாகிவிடுகிறது. ஒரு வாரம் விட்டால் ‘தளிர் தொடங்கிய நாள்’ கையை விட்டுப் போகும். அந்த இரு மாதமும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். முதல் பூ விரியும்வரை அதே வேகம், பிறகு வாரம் ஒருமுறை.

சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தின் முறை எளிது: முழு மரத்தையும் பார்த்து இலை, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என மூன்றே அளவு. மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் ‘கொஞ்சம்’, மேலே போனால் ‘நிறைய’.

நிழல்தாங்கி:
ஊர் ஊராக ஒப்பிட அந்த அளவு நல்லது. ஒரே மரத்தை உற்றுப் பார்ப்பவருக்கு அது கரடுமுரடு என்பேன். நான்கு திசையிலும் கைக்கெட்டும் கிளை ஒவ்வொன்றில் பருத்திக் கயிறு தளர்வாகக் கட்டி எண் போடுங்கள். நைலான் வேண்டாம், கிளை பருக்கும்போது இறுக்கிவிடும். ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து 10 கூட்டிலைகள் (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்தது ஒரு கூட்டிலை): எத்தனை தளிர், எத்தனை முற்றியது, எத்தனை உதிர்ந்தது. முழு மரக் கணிப்பும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

காய்க் கட்டம் இரண்டு வேண்டும். சென்ற ஆண்டுக் காய் பழுப்பாகத் தொங்கும்போதே புதுப்பூ வந்துவிடும். ஒரே கட்டத்தில் எழுதினால் பூவும் முற்றிய காயும் ஒரே பருவத்தவை என்று தாள் சொல்லும்.

தூறல்:
உதிரும் பூவை அளக்க வழி உண்டா? வாய்க்கால் நீர் கணக்கைக் கெடுக்குமா?

கல்லணைக்காரன்:
பூவுக்கு: கொசுவலைத் துணி 1 மீட்டருக்கு 1 மீட்டர், நான்கு கம்பு, முழங்கால் உயரத்தில் நடுவே தொய்வாகக் கட்டுங்கள். தரையில் விரித்தால் எறும்பும் கோழியும் பங்கு கேட்கும். வாரம் ஒருமுறை அள்ளி, பூ, இலை, மொட்டு உருண்டை என்று பிரித்து, நிழலில் நன்கு உலர்த்தி எடை போடுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் மழை வாரம் முழுக்கப் பொய்க்கணக்கு.

நீர் கட்டாயம் வேறுபாடு காட்டும். வாய்க்காலோர மரம் இலையை நீண்ட நாள் பிடித்துக்கொள்ளக்கூடும். அதனால் நீர் பாயாத தெருப் புங்கன் ஒன்றையும் அதே நாளில் பாருங்கள். அது இல்லாமல் ‘இந்த ஆண்டு தாமதம்’ என்று எழுதுவது வீண். அடிமரச் சுற்றளவு 1.37 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில் போதும். கோடையில் நீர் குறைந்து தண்டு சற்றுச் சுருங்கும், மாதாமாதம் அளந்து குழம்ப வேண்டாம்.

பார்க்காத வாரத்தை வெறுமையாக விடுங்கள். பார்த்து எதுவும் இல்லாவிட்டால் 0. இரண்டும் வேறு.

நிழல்தாங்கி:
மின்கம்பிக்காகக் கிளை வெட்டினால் தேதியையும் திசையையும் குறியுங்கள். வெட்டிய இடத்தில் ஐப்பசியில்கூடத் தளிர் வெடிக்கும். அதைப் பருவத் தளிராக எண்ணாதீர்கள். குறியிட்ட கிளையே போய்விட்டால் வேறொன்றுக்குப் புது எண் கொடுங்கள், பழைய எண்ணைத் தொடர வேண்டாம்.