கல்லறைத் திருநாள் பிளான் (குரூப்: ராயபுரம் ஃபேமிலி)

டெய்சி அத்தை: நவம்பர் 2 காசிமேடு கல்லறைக்கு யார் யார் வரீங்க, நைனா கல்லறைக்கு வெள்ளை அடிக்கணும், உப்புக்காத்துல எழுத்துலாம் மங்கிப்போயி பேர்ல பாதியே காணோம்

பிரவீன்: நான் அடிச்சிர்றேன் அத்தை. கறுப்பு பெயிண்ட் சின்ன டப்பா யாராச்சும் வாங்கியாங்க

ஸ்டெல்லா: பெரியப்பா, இந்த வாட்டி தாத்தாவோட கேரம் ஸ்ட்ரைக்கர அங்க வைக்கலாமா? பீரோல சும்மா தான கெடக்கு

லூர்து பெரியப்பா: இன்னாமா சொல்ற. மரிய இருதயம் 1991ல கேரம்ல வேர்ல்ட் சாம்பியன் ஆனப்போ தெருவுக்கே சாக்லேட் குடுத்த மனுசன் நைனா, அந்த ஸ்ட்ரைக்கர என்ன கூட தொட வுடமாட்டாரு. கல்லறைல வச்சா சாயந்தரத்துக்குள்ள எவனாவது பாக்கெட்ல போட்டுனு பூடுவான்

ஸ்டெல்லா: பக்கத்துல ஒரு குட்டிப்பையன் கல்லறைல பொம்ம காரும் கமர்கட்டும் வச்சிருந்தாங்களே, போன வருசம் பாத்தோம்ல. கலைஞர் சமாதில முரசொலி வைக்கிறாங்க. யூதருங்க கூழாங்கல்லு வைப்பாங்க, வாடவும் வாடாது, யாரும் எடுக்கவும் மாட்டாங்க

லூர்து பெரியப்பா: கலைஞர் சமாதிக்கு போலீஸ் காவல் கீது. நம்ம நைனாவுக்கு யாரு, நாய் தான்

பிரவீன்: எம்ஜிஆர் சமாதில வாட்ச் சத்தம் கேக்குதுன்னு காது வச்சி படுத்தவரு பேசறாரு 😂

லூர்து பெரியப்பா: டேய். கேட்டுச்சு டா

டெய்சி அத்தை: சண்ட போடாதீங்க. ஆயா பக்கத்துல தான் இருக்காங்க, படிச்சி காமிச்சேன். ஸ்ட்ரைக்கர் வேணாமாம், போர்டுல போடற பவுடர் ஒரு பிடி தூவ சொல்றாங்க. சோத்துல கை வைக்கறப்ப கூட வெரல் இடுக்குல அது வெள்ளையா ஒட்டினு இருக்குமாம், எத்தன வாட்டி திட்டியிருக்கேன்னு சொல்லி சிரிக்கிறாங்க

பிரவீன்: வெள்ளையடிச்ச கல்லு மேல வெள்ளை பவுடரா, யாருக்கு தெரியும் ஆயா

டெய்சி அத்தை: அவருக்கு தெரிஞ்சா போதுமாம்

ஸ்டெல்லா: ❤️ மெழுகுவர்த்திக்கு வாட்டர் பாட்டில் பாதியா வெட்டி எடுத்துனு வாங்க, போன வருசம் கடக்காத்துல ஒண்ணு கூட நிக்கல. சாமந்தியும் மொத நாளே வாங்கிருங்க, அன்னிக்கி வாசல்ல வாய்க்கு வந்த ரேட்டு சொல்லுவாங்க

லூர்து பெரியப்பா: பவுடர் நான் வாங்கியாறேன். பூசை எத்தினி மணிக்கு?