எனிஸில் தங்கி கிளேர் பக்கம் சுற்றலாமா?

கேள்வி: ஜூனில் அயர்லாந்து போகிறோம், கார் எடுக்கும் எண்ணம் இல்லை. கால்வேயில் அறை வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. கிளேர் மாவட்டத்து ஊரான எனிஸில் தங்கி, கடலோரத்து மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போய்வர முடியுமா?

பதில் 1: தாராளமாக. ஷானன் விமான நிலையம் பக்கம்தான், கால்வேக்கும் லிமெரிக்குக்கும் நேரடி ரயில் உண்டு. மோஹருக்கு 350ஆம் எண் பஸ், ஆனால் அடிக்கடி வராது, அதனால் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள், விட்டால் டாக்சிக்கு அழ வேண்டியதுதான்.

பதில் 2: பாறையைப் பார்த்துவிட்டு வந்து தூங்கிவிடாதீர்கள். ராத்திரி பப்பில் ஃபிடில் (வயலின்தான்), கான்செர்டினா (கையில் பிடித்து அமுக்கி வாசிக்கும் சின்னத் துருத்திப் பெட்டி) என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், பெரும்பாலும் மேடைகூட இருக்காது.

கேட்டவர்: சரி, மழை?

பதில் 2: ஜூனிலும் வரும். கடலோரக் காற்றுக்குக் குடை தாங்காது, ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள்.