குழு நடத்துகிறவர்களுக்கு யார் குழு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல்காரி

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழ்த் தாய்மார் வாட்ஸ்ஆப் குழுவை ஆறு வருடமாக நடத்துகிறேன். தொடங்கும்போது பதினேழு பேர், எல்லாரும் ஒரே புளோக். இன்று அறுநூறைத் தாண்டிவிட்டது. துணைப்பாட ஆசிரியர் யார் நல்லவர், பிள்ளைக்குச் சளி, தேக்காவில் முருங்கைக்காய் என்ன விலை, எல்லாம் அதில்தான்.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முறுக்குச் சண்டை வந்தது. வீட்டில் பலகாரம் செய்து விற்கிற ஓர் அக்கா, முதல் பதினேழு பேரில் ஒருவர். நான் பிள்ளை பெற்று வீட்டில் கிடந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். அவருடைய முறுக்கில் காறல் வாடை என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படத்தோடு போட்டுவிட்டார். இரவு 11.40. பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு 140 செய்திகளைப் படித்தேன். இதற்கு நடுவே இரண்டு பக்கத்திலிருந்தும் தனிச்செய்தி: "நீ யார் பக்கம்?"

கணவரிடம் சொன்னால், "சம்பளமா கொடுக்கறாங்க? மூடிட்டுத் தூங்கு" என்றார். தோழிகளிடம் சொல்லலாமென்றால் அவர்கள் எல்லாரும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள். யாரிடம் பேசினாலும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். இந்த வேலையில் இருக்கிற வேறு யாராவது கிடைத்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தோன்றியது.

தேடினேன். இதற்கென்றே சிஎம்எக்ஸ் என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் தொடங்கியது. பல ஊர்களில் கிளை வைத்துச் சந்திப்பார்கள், இணையத்திலும் பேசுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நல்ல விஷயங்கள் நிறைய. ஆனால் எனக்குப் பிடித்த அமர்வு கலிஃபோர்னியாவில் காலை பத்து மணிக்கு நடந்தது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, அங்கே குளிர்காலமென்றால் இரண்டு. இரண்டு தடவை கண்விழித்தேன். மூன்றாவது தடவை எழுந்து பார்க்கையில் கைத்தொலைபேசி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அப்புறம் ஒன் நார்த் பக்கம் ஒரு மாலைச் சந்திப்புக்குப் போனேன். கழுத்தில் பெயரட்டை மாட்டிய நிறுவன ஊழியர்கள். "உங்கள் குழுவில் பெரிய சவால் என்ன?" என்று கேட்டார்கள். "முறுக்கு" என்றேன். சிரித்தார்கள், கேலியாக இல்லை. ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்துக்கு டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் குழு நடத்துகிற பெண் மட்டும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சண்டை சூடாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி அரை மணி நேரம் பூட்டுங்கள். அதற்குள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள், எழுதாதீர்கள், எழுதினால் ஸ்கிரீன்ஷாட் ஆகும்" என்றார். அந்த ஒரு யோசனைக்காகவே அவ்வளவு தூரம் எம்ஆர்டியில் போய் வந்தது தகும்.

ஆனால் எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்ட அக்காவிடம் எப்படி வாய் திறப்பது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருடைய குழுவில் அக்கா என்று யாரும் கிடையாது, எல்லாரும் புனைபெயர்தான்.

பதில் கிடைத்தது வேறு இடத்தில். பொங்கலுக்கு அறை கேட்கச் சமூக மன்றத்துக்குப் போயிருந்தேன். இந்திய நற்பணிச் செயற்குழுவில் பல வருடம் இருக்கிற ஓர் ஐயா தனியாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் கை கொடுத்தேன், பேச்சு வளர்ந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். அதில் இவர் எழுதுவது மனிதர்களை. யார் சீக்கிரம் வந்து மேசை போடுவார், யாருக்கு மைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது, யாரையும் யாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. பெயர் எதுவும் இல்லை, எல்லாம் காய்கறி. "முருங்கைக்கும் வெண்டைக்கும் ஒரே மேசை வேண்டாம்" என்று ஒரு வரி. வருடக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவாராம்.

முறுக்குக் கதையைச் சொன்னேன். நாற்காலியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "அக்காகிட்ட தப்பைச் சொல்லாதம்மா, வேலையைக் கொடு."

மறுநாள் அக்கா வீட்டுக்கே போய், "குழுவில் விற்கிறவர்களுக்கு விதிமுறை வேண்டும், உங்களை விட்டால் யாருக்குத் தெரியும், எழுதிக் கொடுங்கள்" என்றேன். எழுதினார் பாருங்கள், நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு கறாராக வந்திருக்காது. செய்த தேதி போட வேண்டும், குறை இருந்தால் முதலில் விற்றவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், மூன்று நாளில் பணம் திரும்ப வேண்டும். அந்தப் புதிய பெண் ஏற்கெனவே குழுவைவிட்டுப் போயிருந்தார். அவரை நான் இன்னும் கூப்பிடவில்லை, அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்த ஐயா, டிஸ்கார்டு பெண், நான், இன்னும் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை கோப்பிக்கடையில் சந்திக்கிறோம். உங்களுக்கு உங்கள் ஆட்கள் எங்கே கிடைத்தார்கள்?

வரிக்குவரி

தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு டெலிகிராம் குழு நடத்துகிறேன். திறமூல மென்பொருள் உலகில் இந்த வேலைக்குப் பெயரும் மரியாதையும் எப்போதோ வந்துவிட்டன. அப்போது உபுண்டு குழுவைக் கவனித்துக்கொண்டிருந்த ஜோனோ பேக்கன் 2009இல் கம்யூனிட்டி லீடர்ஷிப் சம்மிட் என்ற சந்திப்பைத் தொடங்கினார். ஆஸ்கான் என்ற திறமூல மாநாட்டுக்கு முந்தைய நாள்களில் அது நடந்துவந்தது. குழு நடத்துகிறவர்கள் கூடினார்கள். பெரும்பாலும் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் வந்தவர்கள் பேச விரும்புவதை எழுதி ஒட்டினார்கள், அதுவே அன்றைய நிரல்.

அதே பாணியில் இங்கே நடத்திப் பார்த்தேன். நூலகத்தில் ஓர் அறை, ஒட்டுத்தாள், எழுதுகோல், ஒன்பது பேர். "பேச நினைப்பதை எழுதி ஒட்டுங்கள்" என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூத்தவர் முதலில் எழுதட்டும் என்று இளையவர்கள் காத்திருந்தார்கள். இளையவர்கள் என்ன எழுதுகிறார்கள் பார்க்கலாம் என்று மூத்தவர் காத்திருந்தார். இருபது நிமிடம் இப்படியே போச்சு. சரி, கோப்பி குடித்துவிட்டு வருவோம் என்று கீழே இறங்கினோம். அங்கே ஒரு வாசகர் வட்டக்காரர், "எங்க கூட்டத்துக்கு நாப்பது பேர் வர்றேன்னு சொல்லி ஏழு பேர் வந்தாங்க" என்று ஆரம்பித்தார், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் யாரும் மேலே போகவில்லை. ஒட்டுத்தாள் கட்டு இன்னும் பிரிக்காமல் என் வீட்டில் இருக்கிறது.

அந்த ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டோம். சங்கச் சட்டம் 1966 பத்துப் பேர் கொண்ட அமைப்பிலிருந்து பேசத் தொடங்குகிறது என்று ஒருவர் பயமுறுத்தினார், அது பாதிக் காரணம். மீதிப் பாதி, வட்ட மேசையில் பத்தாவது நாற்காலி போட்டால் ஓரத்தில் உட்காருபவருக்கு ஒன்றும் காதில் விழாது.

கத்தரித் தோட்டம்

நான் ஓய்வு பெற்றவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால் சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ஆரம்பித்த கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தில் வந்தது. செடி வளர்ப்பது சுலபம். செடி வளர்க்கிற மனிதர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் கஷ்டம். எங்களுக்கு எப்போதும் ஒரே பிரச்சினை, கருவேப்பிலை. தோட்டத்துக்குத் தண்ணீரே ஊற்றாதவர்கள் காலையில் வந்து ஒரு கொத்து உருவிக்கொண்டு போவார்கள். ஊற்றுகிறவர்களுக்குக் கோபம். ஒருவர் வேலிக்குப் பூட்டுப் போட்டார். இன்னொருவர் பூட்டை உடைத்தார். நான் தலைவர் என்று பெயர், சாவி என்னிடம் இல்லை.

பத்து நிமிடம் நடந்தால் இன்னொரு தோட்டம். அதைப் பார்த்துக்கொள்வது ஒரு மக்சிக், அதாவது வயதில் மூத்த மலாய்ப் பெண். விதை மாற்றிக்கொள்ளப் போன இடத்தில் புலம்பினேன், என்னுடைய பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில். அவர் கையைப் பிடித்து வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாண்டான், கருவேப்பிலை, எலுமிச்சைப்புல் மூன்றும் நடைபாதை ஓரமாக நிற்கின்றன. "திருடுகிறவனுக்கு என்று நட்டது. அவன் அங்கேயே நின்றுவிடுவான், உள்ளே வர மாட்டான்" என்றார். கன்று ஒன்றும் கொடுத்தார்.

நட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் மொட்டையாகவே நின்றது. இப்போது உருவுகிறவர்களில் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூன்றாமவர் இன்னும் உருவத்தான் செய்கிறார்.

தமிழர்களையே தேடிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த மக்சிக் கிடைத்திருக்க மாட்டார், அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கோப்பி ஓ கோசோங்

எல்லாரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள். நான் போன ஒரு "குழுத் தலைவர்கள் சந்திப்பு" மூன்று மணி நேரம் நடந்தது. முதல் அரை மணி நேரம் அறிமுகம், மீதி ஆன்லைன் படிப்பு விற்பனை. கிளம்புவதற்குள் என் எண்ணை மூன்று குழுக்களில் சேர்த்துவிட்டார்கள். நண்பர்களே, முதல் சந்திப்பில் உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று கேட்கிறவரிடம் ஜாக்கிரதை. அவருக்கு வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் ஆட்கள்.

பொங்கோல்காரி

அண்ணே, அந்த எண்ணிக்கைக் கேள்வி ரொம்பச் சரி. எங்கள் சனிக்கிழமையில் யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. இன்னொன்று, ஸ்கிரீன்ஷாட் காட்டக் கூடாது; நடந்ததை வாயால்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போதுதான் நம் பக்கத்துத் தப்பும் வெளியே வருகிறது.

இரவுப்பணி

எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

2020 ஏப்ரல் 7இலிருந்து ஜூன் 1 வரை கோவிட்டால் ஊரே வீட்டுக்குள் இருந்ததே, அப்போது தங்கும் விடுதிகளில் இருந்த தமிழ் ஊழியர்களுக்காகத் தொண்டூழியர் குழு ஒன்றை ஒருங்கிணைத்தேன். ஊருக்குத் தளர்வு வந்த பிறகும் விடுதிகளுக்கு ரொம்ப நாள் தளர்வு வரவில்லை. தொலைபேசிக்கு பணம் நிரப்பித் தருவது, பரிசோதனை முடிவு என்ன சொல்கிறது என்று விளக்குவது, பாதி நேரம் சும்மா பேசுவது. இரவு இரண்டு மணிக்கு ஒரு தம்பி கூப்பிடுவார். "ஒண்ணுமில்லக்கா, தூக்கம் வரல" என்பார். எடுக்காமல் இருக்க முடியாது.

ஜூலையில் எனக்கே தூக்கம் போய்விட்டது. அப்போது வங்காளி ஊழியர்களுக்காக இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, பொருள் பட்டியல் ஒன்றைச் சரிபார்க்கும்போது தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். நேரில் பார்த்ததே இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ கடைசியாக எப்போது தொலைபேசியை அணைத்தாய்?"

நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி இரவு என் குழுவின் எண் அவருக்குத் திரும்பும். அவர் எங்கள் மொழி பேசத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மற்ற இரவுகளில் அவருடையது எனக்கு. முதல் புதன்கிழமை தொலைபேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். ஏன் அரிசி டின் என்று தெரியவில்லை. காலை ஏழரை வரை தூங்கினேன்.

எது சரி, எது தப்பு என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. முறை மாற்றும்போது ஒரு வரி: "இன்று நான்கு அழைப்பு, ஒருவர் அழுதார், நாளை அவரைக் கூப்பிடு." அதுவே போதுமாக இருந்தது.

வரிக்குவரி

அக்கா, அரிசி டின் எனக்கும் வேண்டும் போலிருக்கிறது.

ஒரு துணுக்கு: ஜனவரியின் நான்காவது திங்கள் குழு நடத்துகிறவர்களுக்கு நன்றி சொல்லும் நாள். 2010இல் ஜெரமையா ஓயாங் தொடங்கியது. இந்த வருடம் அன்றைக்கு எனக்கு வந்த ஒரே செய்தி, "அண்ணே, குரூப்ல யாரோ சூதாட்ட லிங்க் போட்டிருக்கான்."

பொங்கோல்காரி

எல்லாரும் எழுதியதை நேற்று 555 ஐயாவுக்குப் படித்துக் காட்டினேன். கருவேப்பிலைக் கதையை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1952இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கியவரான கோ. சாரங்கபாணி தமிழர் திருநாள் விழா நடத்தியபோது ஒருவரோடொருவர் பேசாத சங்கங்களையெல்லாம் எப்படி ஒரே பந்தலில் உட்கார வைத்திருப்பார் என்று தான் அடிக்கடி யோசிப்பதாகச் சொன்னார். "அவர்கிட்டயும் ஒரு 555 இருந்திருக்கும்" என்கிறார். இருக்கலாம், எத்தனை காய்கறி தேவைப்பட்டதோ.

முறுக்கு விஷயத்தில் போன அந்தப் பெண்ணை இன்று காலை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி முயல்வேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கமான கடை பூட்டியிருக்கும் என்கிறார்கள், இடம் மாறினால் இங்கேயே சொல்கிறேன். கத்தரித் தோட்டம் ஐயா, நீங்கள் வர வேண்டும். வரும்போது மக்சிக்கிடம் கேட்டு ஒரு கன்று கொண்டுவர முடியுமா? எங்கள் புளோக்கிலும் உருவுகிறவர்கள் இருக்கிறார்கள்.