எவர்சில்வர் ரிவால்வர்: துடைக்கும்போது, பராமரிக்கும்போது உங்களுக்கு நடந்தது என்ன?

கேட்டி ராசா

ஸ்மித் அண்ட் வெஸன் 686, நாலு அங்குல பேரல். சுடும் பயிற்சி ரேஞ்சில் போன வாரம் நடந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

இரண்டு பெட்டி .38 ஸ்பெஷல் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆறு தோட்டாவையும் போட்டு சிலிண்டரை மூடும்போதே ஒரு இறுக்கம். ட்ரிகரை இழுத்தால் பாதி வழியில் நிற்கிறது. இன்னும் பலமாக இழுக்க மனம் வரவில்லை, கையைத் தூக்கினேன். ரேஞ்ச் ஆபீஸர் வந்தார். பெரியவர், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி வாய் இலக்கை விட்டு நகராமல் சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து ஸ்டாருக்கு (கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் இரண்டு தேய். கட்டைவிரல் நகத்தில் எதையோ ஏந்தி என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். எரியாமல் தப்பிய ஒரே ஒரு வெடிமருந்துத் துகள். கடுகில் பாதி இருக்கும், தட்டையாக, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில். அது ஸ்டாரைத் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார விடவில்லை. ஸ்டார் மயிரிழை தூக்கி நின்றதால் தோட்டாக்களின் அடிப்பாகம் பின்னால் உள்ள சட்டத்தில் (ஃப்ரேமில்) உரசியிருக்கிறது, அவ்வளவுதான்.

காலித் தோட்டாக்களைக் கொட்டும்போது வாயை நேராக வானத்தைப் பார்க்கப் பிடித்து, ராடை ஒரே தட்டாகத் தட்டச் சொன்னார். அப்படிச் செய்தால் கூடுகளோடு துகளும் கீழே விழுந்துவிடும். துப்பாக்கியைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் அது ஸ்டாருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

பேரலைப் பளபளவென்று வைத்திருந்தேன், வெளியே ஒரு விரல்ரேகை கூடக் கிடையாது. ஆனால் இதை வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கினேன். அந்தத் துகள் ரேஞ்சில் இல்லாமல் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே இருந்திருந்தால்? இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பெருங்குடி பாலா

ராசா, எல்லா இறுக்கத்துக்கும் ஸ்டார்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் நண்பருடைய 686 மூடியது மூடியபடி நின்றுவிட்டது. லாட்ச்சைத் தள்ளினால் சிலிண்டர் வெளியே வரவே இல்லை. நல்லவேளை, உள்ளே இருந்தது ஆறும் சுட்ட கூடுகள். இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே பையில் வைத்து கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மிஸ்திரி) கொண்டு போனோம். அவர் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்: எஜெக்டர் ராட் தானாகக் கழன்று நீண்டிருக்கிறது, முன்பக்கப் பூட்டு விடுபட இடமில்லை. ராடின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டு சிலிண்டரைச் சுற்றினார், திறந்துகொண்டது.

எனக்கு மறக்காதது அதற்கு அப்புறம் அவர் செய்த காரியம். ராடை இறுக்குவதற்கு முன் சேம்பர்களில் (தோட்டா உட்காரும் துளைகளில்) காலிக் கூடுகளைத் திரும்பப் போட்டார். வெறும் சிலிண்டரில் இறுக்கினால் முறுக்கு விசை முழுவதும் ஸ்டாரைத் தாங்கும் சின்னப் பின்களின் மேல் விழும், கூடு இருந்தால் அது தாங்கிக்கொள்ளும் என்றார். இன்னொன்று, ஸ்மித் அண்ட் வெஸனில் இப்போது வரும் ராடுகள் இடது மரை. நம் கைப்பழக்கத்துக்கு வலப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். ஒவ்வொரு முறை துடைத்து முடித்ததும் ராடை விரலால் ஒருதரம் திருகிப் பாருங்கள். ரூகர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அதில் பூட்டு அமைப்பே வேறு, ராடின் முனையை நம்பி இல்லை.

கும்பகோணத்துப் பெண், ஹூஸ்டன்

நான் நர்ஸ், ராத்திரி ஷிஃப்ட். மருத்துவமனைக்குள் கொண்டு போக முடியாது, அதனால் ரூகர் எஸ்பி101 காரில் பூட்டுப் பெட்டியில் இருக்கும், மற்ற நேரம் இடுப்பில். ஹூஸ்டன் புழுக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கும்பகோணத்தில் நாற்பது வருஷம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். நான் துடைப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதைப் போய் ஏம்மா இப்படி எண்ணெய் போட்டுத் துடைக்கிறே, எவர்சில்வர்தானே?” என்றார். நானும் அப்படித்தான்ப்பா விற்கிறார்கள் என்றேன். எழுந்து போய் ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வந்தார். கடையில் சரக்கு இறக்கும்போது அவர் முதலில் செய்யும் வேலை அதுதான். என் காபி டம்ளரில் வைத்தார், வழுக்கி விழுந்தது. சிலிண்டர் திறந்து காலியாகக் கிடந்த ரிவால்வரின் சட்டத்தில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்பா முகம் மாறிவிட்டது. “இது வேற ஜாதி ஸ்டீலும்மா. இது துரு பிடிக்கும். கழற்றிப் பார்த்தியா?” என்றார்.

கழற்றினோம். கைப்பிடியின் ரப்பர் கிரிப்பை இழுத்ததும் அடியில் இருந்த ஸ்டீல் தண்டில் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாகத் துரு. வெளியே ஒரு பொட்டு கிடையாது. இடுப்பு வியர்வை ரப்பருக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை, அடுப்படிக்குப் போய் பழைய வேட்டித் துணி எடுத்து வந்து எண்ணெய் தொட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பாளை மாமா

அம்மா நர்ஸ், உங்கள் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தாத்தா 1950களில் வாங்கிய .32, வெளிநாட்டு ரிவால்வர், வெள்ளி மாதிரி மின்னும். இப்போது என் பெயரில் லைசென்ஸ். தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச்சில் கொடுத்தது ஜூனில்தான் கைக்கு வந்தது. கொடுத்தபோது தோல் உறையோடு கொடுத்திருந்தோம், உறையோடுதான் திரும்பி வந்தது.

உறையை விட்டு உருவியபோது பேரலின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய தகடு தோலோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அதற்கு அடியில் கருஞ்சிவப்பாகத் துரு. தாத்தா கையில் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது. ஸ்டெயின்லெஸ் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வந்தோம். ஸ்டெயின்லெஸ் தகடு தகடாக உரியுமா? மெல்லிய இரும்புப் பஞ்சு வைத்துத் தேய்த்தால் போகும் என்று பக்கத்துத் தெரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

ஒஹாயோ செந்தில்

மாமா, இரும்புப் பஞ்சைக் கீழே வையுங்கள்! முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஆக இருக்க முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வழக்கமான தயாரிப்பாக முதலில் வந்த ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60, வருஷம் 1965. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல். உங்கள் தாத்தா வாங்கியது அதற்கு முன்னால். அது சாதாரண ஸ்டீலின் மேல் நிக்கல் முலாம். நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிக்கல் லேசாக மஞ்சள் கலந்து மின்னும், ஸ்டெயின்லெஸ் சாம்பல் அடிக்கும். உரிந்தது அந்த முலாம். தோலைப் பதப்படுத்த உபயோகிக்கும் உப்பும் அமிலமும் தோலில் மிச்சம் இருக்கும். அது மாதக்கணக்கில் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலையைக் காட்டியிருக்கிறது. உறை இடுப்பில் கட்டிக்கொள்ள மட்டும், பூட்டி வைப்பதற்கு அது ஆகவே ஆகாது. அடுத்த தேர்தலுக்கு எண்ணெய் தடவி, எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள், உறையைத் தனியாகக் கொடுங்கள்.

நிக்கலுக்குச் செம்பைக் கரைக்கும் அம்மோனியா சால்வென்ட்டும் ஆகாது. பல முலாம்களில் நிக்கலுக்கு அடியில் செம்புப் பூச்சு இருக்கும். சின்னக் கீறல் வழியாக அந்த மருந்து உள்ளே போனால் செம்பை அரித்து, மேலே இருக்கும் நிக்கலைத் தூக்கிவிடும். மென்மையான எண்ணெய், மென்மையான துணி, அவ்வளவு போதும். பிய்ந்த ஓரத்தைத் தொடாமல் நல்ல துப்பாக்கி மிஸ்திரியிடம் காட்டுங்கள்.

இரும்புப் பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். நான் பழையதாக ஒரு ரூகர் ஜிபி100 வாங்கினேன். வாங்கும்போது அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் போனதும் சட்டம் முழுவதும் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் துணியில் பழுப்புக் கோடு விழும். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வரும். கன்ஸ்மித் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்டீலின் கோடுகளுக்கு இடையில் இரும்புத் துணுக்குகள் பதிந்து கிடந்தன. முன்பு வைத்திருந்தவர் சாதாரண இரும்புப் பஞ்சால் மெருகு போட்டிருக்கிறார். துரு பிடித்தது அந்தத் துணுக்குகள். அதைப் பார்த்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் நைலான் பட்டையோ வெண்கலப் பஞ்சோ எடுத்து, கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் மட்டும் தேயுங்கள். குறுக்கே இழுத்தால் அது கீறல்தான்.

நர்ஸ் அம்மா, உங்கள் அப்பாவின் காந்தம் காட்டியது சரி. டம்ளர் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ரிவால்வருக்குக் கடினமாக்கக் கூடிய ஸ்டீல் வேண்டும், அதனால் பெரும்பாலும் 400 வரிசை. அதில் குரோமியம் 12, 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. குரோமியம் காற்றோடு சேர்ந்து போடும் மெல்லிய படலம்தான் காவல், வியர்வை உப்பு அதைத் துளைத்துவிடும். கிரிப்பை அவ்வப்போது கழற்றுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை: ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் வறட்டாக உரசினால் ஒன்றை ஒன்று பிய்க்கும். சிலிண்டரைத் தாங்கும் கிரேன் தண்டில் ஒரு துளி எண்ணெய் இருக்கவே வேண்டும்.

பாளை மாமா

செந்தில் தம்பி, வெயிலில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கலந்துதான் மின்னுகிறது. நிக்கல்தான். பஞ்சை எடுத்து வைத்துவிட்டேன். மதுரையில் தெரிந்த டீலர் ஒருவர் இருக்கிறார், கொண்டு போகிறேன்.

பெருங்குடி பாலா

செந்தில், ஒரு சின்ன ஆட்சேபம். எண்ணெய் எண்ணெய் என்று எல்லா இடத்திலும் சொல்கிறீர்கள், சேம்பரில் எண்ணெய் நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊடுருவும் எண்ணெய், தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். சேம்பரை உலர்ந்த பேட்ச்சால் (துடைக்கும் சின்னத் துணித் துண்டு) முடித்துவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும்.

சேம்பர் என்றதும் நினைவு வருகிறது. .357 மேக்னம் ரிவால்வரில் .38 மட்டுமே சுட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள். .38 கூடு 1.155 அங்குலம், மேக்னம் 1.290. அந்த இடைவெளியில் கரி வளையமாகப் படியும். ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒருவர் மேக்னம் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கிய விரல் வெளுத்துப் போயிருந்தது, தோட்டா உட்காரவில்லை. வெண்கல பிரஷ்ஷை சால்வென்ட்டில் நனைத்து, ஊறவிட்டு, சேம்பர் சேம்பராகச் சுற்றி இழுத்தால் போய்விடும்.

டாலஸ் மீனா

எல்லோரும் துருவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

தெரிந்தவர் வீடு, பெயர் வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து ரிவால்வர் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டார், சிலிண்டர் திறந்து கிடந்தது, அதிலெல்லாம் ரொம்பச் சரியான மனிதர். பேரலில் விட்டு இழுத்த கறுப்புப் பேட்ச்சுகளை மேஜை ஓரத்தில் குவித்திருந்தார். அவருடைய சின்னப் பெண், நடக்கப் பழகியதுதான், எட்டி ஒன்றை எடுத்தது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் அது வாய்க்குப் போய்விட்டது. பிடுங்கிவிட்டேன், ஆனால் உதட்டோரம் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தக் கறுப்பில் இருப்பது வெறும் கரியா? குண்டில் ஈயம், வழக்கமான பிரைமரிலும் ஈயச் சேர்மம். ஈயத்தைப் பொறுத்தவரை குழந்தைகளுக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. தயவுசெய்து சாப்பிடும் இடத்தில் வேண்டாம், அடுப்படியில் வேண்டாம். கராஜில் வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். பேட்ச்சை அந்த நிமிஷமே மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். நர்ஸ் அக்கா, உங்கள் அப்பா துடைத்த வேட்டித் துணியையும் துவைத்து வைக்காமல் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துப் பெண், ஹூஸ்டன்

அன்றைக்கே போட்டுவிட்டோம் மீனா. அப்பா கையையும் நானே கழுவிவிட்டேன். குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னீர்களா? அது முக்கியம், டாக்டரிடம் கேட்டாலே எழுதிக் கொடுப்பார்.

டாலஸ் மீனா

மறுநாளே கூட்டிப் போனார்கள் அக்கா. அளவு கவலைப்படும்படி இல்லை என்று சொன்னார்கள்.

கேட்டி ராசா

எல்லோருக்கும் நன்றி. ராடைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாக இருக்கிறது. கிரிப்பையும் கழற்றிவிட்டேன், துரு இல்லை. ஒரே ஒரு கேள்வி. சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு சேம்பர் வாயைச் சுற்றியும் கறுப்பு வளையம் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது. ஈயம் எடுக்கும் மஞ்சள் துணியை வாங்கலாமா?

ஒஹாயோ செந்தில்

அந்தத் துணியில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் தாராளமாகப் பயன்படுத்தலாம், நீலப் பூச்சுள்ள துப்பாக்கி பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள், பூச்சையே எடுத்துவிடும். ஆனால் உங்கள் இடத்தில் இருந்தால் நான் தேய்க்க மாட்டேன். அந்த வளையம் சுடுவதை ஒன்றும் செய்யாது, அடுத்த ஆறு தோட்டாவில் திரும்ப வந்துவிடும். அந்த நேரத்தில் காலி சிலிண்டரைத் திறந்து, பேரலின் பின்வாயில் டார்ச் அடித்து, உள்விளிம்பில் ஈயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே படிந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். பழைய பிரஷ்ஷில் செம்புக் கம்பி ஸ்க்ரப்பர் இழையைச் சுற்றி இழுத்தால் வரும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு முலாம் போட்ட இரும்பு, வேண்டாம்.