அடிக்கலாமா, பேசலாமா? பிளஸ் ஒன் பையன் விஷயம்

கம்பத்து அக்கா: விடிகாலை ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டம் போனால், நானும் வீட்டுக்காரரும் திரும்ப இருட்டிவிடும். பிளஸ் ஒன் படிக்கிற மகன் ராத்திரி ஒரு மணி வரை போனோடு விழித்திருக்கிறான். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். போன வாரம் யாருடைய பைக்கிலோ இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் போயிருக்கிறான். நாலு அடி போட்டால் சரியாகும் என்கிறார் அவர். எனக்கு மனசு வரவில்லை.

ஏலக்காடு: அவர் சொல்வதுதான் சரி அக்கா. 14 வயதில் நான் அப்பாவோடு தோட்டத்தில் நின்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கேட்டால் மூளை வளரவில்லை என்கிறார்கள். பையனுக்கு அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

முல்லையாறு: நான் பள்ளிக்கூட ஆசிரியர். சாக்கு இல்லை அண்ணே, உடம்பில் நடப்பது. இந்த வயதில் மூளை, திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்வது போல, பயன்படாத நரம்பு இணைப்புகளைக் கழிக்கிறது, பழகியவற்றைப் பலப்படுத்துகிறது. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி கடைசியில்தான் முதிர்கிறது, 25 வயதை ஒட்டி. தூக்கம் வரவைக்கும் மெலடோனினும் இவர்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித்தான் சுரக்கிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். நாம் ஐந்தரைக்கு டியூஷன் வைக்கிறோம்! கலிபோர்னியாவில் 2022 முதல், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

ஏலக்காடு: கொடி தானாகவா கவாத்து செய்துகொள்கிறது? கத்தி பிடிப்பது ஆள்தானே. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

முல்லையாறு: ஆள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது தங்கும் என்பது அவன் தினமும் எதைப் பழகுகிறான் என்பதைப் பொறுத்தது. அடி வாங்கினால் பயப்படவும் மறைக்கவும் பழகுவான். நீங்கள் 14 வயதில் நாள் முழுக்க அப்பா பக்கத்தில் நின்றீர்கள். இந்தப் பையன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அக்காவைக் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. இருக்கிற ஒரு மணி நேரத்தைத் திட்டுவதில் கழிக்க வேண்டாம் என்கிறேன்.

லோயர்கேம்ப்: போனைவிட பைக்தான் எனக்குப் பயம். 2005-ல் அமெரிக்காவில் கார்டனர், ஸ்டெயின்பர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போது பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நண்பர்கள் பார்க்கும்போது பிள்ளைகள் மிக அதிகமாகத் துணிந்தார்கள், பெரியவர்களிடம் மாற்றமில்லை. மூன்று பேராகப் போனதுதான் ஆபத்து. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, 18 நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. சாவி கொடுத்தவரிடம் முதலில் பேசுங்கள்.

ஏலக்காடு: சாவி விஷயம் சரி. ஆனால் ராத்திரி போன்? பேசினால் கொடுத்துவிடுவானா?

முல்லையாறு: சண்டை நடக்கும்போது கேட்டால் கொடுக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, எத்தனை மணிக்கு வைப்பது என்று அவனையே சொல்ல வைக்க வேண்டும். பத்தரை என்றால் பத்தரை. அம்மா, அப்பா போனும் அதே இடத்தில். மீறினால் என்ன என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும்.

ஏலக்காடு: நேரத்தை அவனிடம் விடுவதை நான் ஒப்பமாட்டேன் தம்பி. அதைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கம்பத்து அக்கா: அண்ணே, பத்து என்று நாங்கள் சொல்வோம், அவன் பதினொன்று என்பான். நடுவில் எங்காவது வந்து நிற்போம். அடி வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்கிறேன்.