ஏற்காட்டில் காட்டெருமைக் கன்று பார்த்தவர்கள் படம் தர முடியுமா?

ஏற்காடு, சேலம் நண்பர்களுக்கு வணக்கம். சேர்வராயன் மலைக் காட்டெருமைகளில் வருடத்துக்கு எத்தனை கன்றுகள் பிறக்கின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்க முயல்கிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, குப்பனூர் பாதைப் பக்கம் கன்றோடு கூட்டத்தைப் படம் எடுத்திருந்தால், பழைய படமானாலும் பரவாயில்லை, கொடுத்து உதவுங்கள்.

தலை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும். காலையில் காப்பித் தோட்டத்தில் மேய்ந்த அதே கூட்டம் சாயங்காலம் ரோட்டோரம் நிற்கும். இரண்டு முறை எண்ணிவிடுவோம். அதனால் கொம்புதான் அடையாளம். வளைவு, முனை உடைந்தது, தேய்ந்தது எல்லாம் மாட்டுக்கு மாடு வேறு. நேராக முகம் தெரியும் படம் ஒன்று இருந்தால் போதும், தாய் எது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் சில மாதம் கழித்து அதே தாயோடு கன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

கன்றின் நிறமும் தெரிந்தால் நல்லது. பிறந்த புதிதில் வெளிர் பழுப்பாக இருக்கும், வளர வளரக் கருக்கும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது மாதம், பெரும்பாலும் ஒரே கன்று. அதனால் ஒன்று இறந்தாலும் இழப்புதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். இடத்தைப் பொதுவில் போடாமல் தனிச்செய்தியில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிடுவார்கள். படத்துக்காகக் கன்று வைத்திருக்கும் மாட்டுக்குக் கிட்டே போய்விடாதீர்கள், சாமி! எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.