நம்ம காலுக்குப் பொருந்துகிற செருப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து சில அனுபவங்கள்

சிப்புட்காரி:

காலணி வடிவமைப்புத் தொழில் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பெண்களுக்கான செருப்பும் சப்பாத்தும் (ஷூ) வடிவமைத்து, செய்து விற்கிறேன். வீட்டுப் பின்கட்டில் ஒரு தையல் இயந்திரத்தோடு ஆரம்பித்தது. இப்போது கடைவீதியில் ஒரு மாடி அறை இருக்கிறது, உதவிக்குப் பெண்கள் வருகிறார்கள். "படம் நல்லா வரையணுமா?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். வரையத் தெரிந்தால் நல்லது. ஆனாலும் இந்த ஊரில் என் தொழிலை நிலைநிறுத்தியது கால் அளவுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய அம்மாக்கள் நிறையப் பேர். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ஈரத்தில் நடந்து, வெறுங்காலிலோ அடிடாஸ் கம்போங் என்று நாம் சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்திலோ ஆயுசில் பாதியைக் கழித்தவர்கள். விரல்கள் விரிந்திருக்கும். முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். கடைச் சப்பாத்து அவர்கள் காலை நினைத்துச் செய்ததல்ல. அகலம் பற்றாமல் ஒரு நம்பர் பெரிதாக வாங்குவார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் கூடும், பிரிட்டிஷ் அளவில் 8.5 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. விரலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், குதிகால் கழன்றுகொண்டே வரும்.

ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது, காலுக்கு மட்டும் ஆண்கள் போடுகிற சிலிப்பர். "எனக்கு எதும் சேராதும்மா, என் காலு அப்படி" என்றார். கால்தான் குற்றம் செய்தது போல அவர் அதைச் சொன்னது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தரையில் காகிதம் விரித்து நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்தேன். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், அதனால் இரண்டையும் எடுக்க வேண்டும். பெருவிரல் மூட்டைச் சுற்றி ஒரு நாடா அளவு, மேற்பாதத்தைச் சுற்றி இன்னொன்று. சாயங்காலம்தான் அளப்பேன், நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். காலையில் அளந்தால் மாலையில் இறுக்கும்.

அடுத்தது கட்டை. பாதத்தின் வடிவில் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கும் அச்சு, சப்பாத்து அதன்மேல்தான் உருவாகிறது. வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஒடுக்கமான முன்பாதத்துக்கு வார்த்தவை. அதன்மேல், மூட்டு புடைக்கும் இடத்தில், மெல்லிய தோல் துண்டுகளை ஒட்டிச் சீவி அகலம் கூட்டினேன். பிறகு கட்டை முழுக்கக் காகித ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் வடிவத்தைக் கோடு போட்டு, நாடாவைக் கத்தியால் கீறி எடுத்துத் தட்டையாக்கினால் அதுவே வெட்டுத்தாள். அடியில் மடித்து ஒட்ட ஓரம் விட மறக்கக் கூடாது. குதி உயரத்தை மட்டும் பிறகு மாற்ற முடியாது. 2 அங்குலக் குதிக்கான கட்டையில் 3 அங்குலக் குதி வைத்தால் நடை சாயும். வேறு குதி வேண்டுமென்றால் வேறு கட்டை.

அந்த அம்மா கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த மாதமே அவரோடு அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முன்பு குடியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முகநூல் விளம்பரம் எனக்கு அப்படி ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்ததில்லை.

நம் ஆட்கள் ஒரு நாளில் எத்தனை முறை செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசல், கோயில், உறவினர் வீடு, பிறகு மறுபடியும் கோயில். குனிந்து வார் மாட்டுகிற வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வயதானவர்கள் வாங்க மாட்டார்கள். என் செருப்புகளில் பின்வார் எலாஸ்டிக். நின்றபடியே காலை நுழைக்கலாம், நடக்கும்போது கழறாது. அதிகம் விற்பது அதுதான்.

பகாவ் தம்பி:

அக்கா, அளவு பத்தி நீங்க சொன்னது ரொம்பச் சரி. நான் சப்பாத்துப் பழுது பார்க்கிறதுல ஆரம்பிச்சுத்தான் செய்யவே வந்தேன். புதுசா தொழில் தொடங்குறவங்க சப்பாத்தோட அடித்தளம் (சோல்) வாங்கும்போது ஒண்ணு கவனிக்கணும். ஒரு அண்ணன் கோட்டு சூட்டுக்குப் போடுற சப்பாத்தைக் கொண்டுவந்தாரு. ரெண்டு மூணு தடவைதான் போட்டது, பெட்டியிலயே வெச்சிருந்தது. கோயில் மண்டபத்துல நடக்கும்போதே அடித்தளம் காஞ்ச ரொட்டி மாதிரி பிஞ்சு உதிர்ந்துருச்சு. "போலிச் சரக்கை வித்துட்டான்"னு கடைக்காரர் மேல அவருக்கு பயங்கரக் கோபம்.

போலி இல்ல அது. பாலியூரித்தேன் அடித்தளம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதையும். நம்ம நாட்டு வெக்கை, ஈரம் ரெண்டும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். போடாம பூட்டி வெச்சாலும் நடக்கும். அதனால மலிவா கிடைக்குதுன்னு அந்த அடித்தளத்தை மூட்டை மூட்டையா வாங்கி அடுக்காதீங்க. கல்யாணச் சப்பாத்துன்னா, வருஷக் கணக்கா அலமாரியில தூங்கப் போகுதுன்னு தெரிஞ்சே செய்யுங்க. ரப்பர் அடித்தளம் போடுங்க. கிரேப் ரப்பர் மெத்துன்னு இருக்கும், நம்ம கித்தா (ரப்பர் மரத்து) பாலுதானே. ஆனா எண்ணெய் பட்டா ஊதும், அழுக்கு ஒட்டும். பட்டறைக்கும் கொட்டாய்க்கும் போறவங்களுக்கு அது வேண்டாம்.

பசையும் அப்படித்தான். தோலோட பளபளப்பைச் சுரண்டி எடுக்காம ஒட்டினா நிக்காது. ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்தணும். மழை நாள்ல காயறதுக்கு அதிக நேரம் கொடுங்க.

லூனாஸ் வாசகி:

தொழில்நுட்பம் பேசுகிறீர்கள், நல்லது. எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு. வங்கி வேலையை விட்டுவிட்டுக் காலணி செய்யப் போகிறேன் என்றதும் அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "செருப்புத் தைக்கவா படிக்க வெச்சேன்?" என்று கேட்டார். அத்தைமார்கள் அதற்குமேல் ஒரு சாதிப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். இங்கே எழுத எனக்கு மனமில்லை. தோட்டத்தில் எல்லாரும் ஒரே லயத்தில், ஒரே கூலிக்கு, ஒரே தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) ஏச்சு வாங்கிக்கொண்டு வாழ்ந்தோம். அதற்குப் பிறகும் தோலைத் தொடுகிறவரைத் தாழ்த்திப் பேசும் வாய் மட்டும் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் மென்று விழுங்க மாட்டேன்.

அப்பாவிடம் வாதாடிப் பயனில்லை. ஆம்பூருக்குப் போனபோது அவரையும் அழைத்துப் போனேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று அந்தப் பகுதி முழுக்கத் தோலும் சப்பாத்தும்தான். வெளிநாட்டுக் கடைகளுக்கு அங்கிருந்து போகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் பேருந்தில் வந்து இறங்கிச் சப்பாத்தின் மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது, தோலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அப்பா அதிகம் பேசவில்லை. ஒரு பட்டறையில் முதிய தொழிலாளி ஒருவர் கட்டையின்மேல் தோலை இழுத்து ஆணி அடிப்பதை வெகுநேரம் நின்று பார்த்தார். "நல்ல கை" என்றார்.

நம் நாட்டிலும் பினாங்கில் பிறந்த காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ, சப்பாத்துத் தைத்த அப்பாவிடம் கற்றவர்தான். லண்டன் ஹேக்னியில் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் பட்டறை போட்டார். இளவரசி டயானாவுக்குச் செய்தார். அவரை எல்லாரும் கொண்டாடுகிறோம். அதே வேலையை நம் பிள்ளை செய்தால் மட்டும் முகம் சுளிப்பது நியாயமா?

செந்தூல் உறுப்பினர்:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரப் பதிவு மலேசிய நிறுவன ஆணையத்தில், தொழில் தொடங்கி 30 நாளுக்குள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. அது எளிது. பலர் கோட்டை விடுவது வடிவப் பதிவில். மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில்) தொழிலியல் வடிவமாகப் பதிந்தால் முதலில் 5 ஆண்டு, புதுப்பித்தால் மொத்தம் 25 ஆண்டு வரை பாதுகாப்பு. ஆனால் அது புதிய வடிவமாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே நீங்களே டிக்டாக்கில் காட்டிவிட்டால் அது புதியது அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் செருப்பு தீபாவளிச் சந்தையில் நகலாக வந்தபோது அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலில் பதிவு, பிறகு படம்.

சிப்புட்காரி:

லூனாஸ் தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. என் மாமியார்கூட ஆரம்பத்தில் பட்டறைப் பக்கம் வர மாட்டார். இப்போது வார்களுக்கு மணி கோத்துக் கொடுப்பது அவர்தான்.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்:

தோல் எது என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டுத்தோல் வேண்டாம் என்கிற நம்மவர்கள் உண்டு, அவர்களுக்கு ஆட்டுத்தோலோ துணியோ காட்டுவேன். மலாய்த் தோழிகள் உள்தோலைத் திருப்பிப் பார்ப்பார்கள். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருக்கும், அதைத்தான் தேடுகிறார்கள். நான் வாங்குவதே இல்லை. அப்படிப்பட்ட பொருளில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

பள்ளிச் சப்பாத்தில் இறங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். 2021 முதல் கறுப்புச் சப்பாத்து கட்டாயமானதும் பெரிய ஆலைகள் லட்சக்கணக்கில் இறக்கிவிட்டன. கையால் செய்து அந்த விலைக்கு விற்க முடியாது.

கடன்: சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கான ஸ்பூமி திட்டம் இருக்கிறது. கேட்கப் போகும்போது வரவு செலவுக் கணக்கோடு போங்கள். அந்தக் கணக்கில் உங்கள் கூலியையும் எழுதுங்கள். தோல், பசை, அடித்தளம் மட்டும் கூட்டி விலை வைக்கிற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 20 வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், அதை எடுத்து வரச் சொல்லி இரண்டையும் போட்டு நடக்கச் சொல்வேன். பேரம் அத்தோடு நின்றுவிடும்.

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே ஆர்டரை மூடிவிடுவேன். அவசரத்தில் ஒட்டியது நிற்காது, ஊரில் பெயர் போய்விடும்.

பகாவ் தம்பி, உங்கள் தங்கைக்கு 42ஆம் நம்பர் கிடைக்கவில்லை என்று தனிச்செய்தியில் எழுதியிருந்தீர்களே. என்னிடம் அந்தக் கட்டை இருக்கிறது. இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வரைந்து, மூட்டைச் சுற்றிய அளவையும் எழுதிப் படம் அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுங்கள்.